மூணு ராம் போனும் உன் தங்கை கல்யாணமும்

தம்பி,

உன் அம்மா போனில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் இன்னும் நாலு மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்துச் சொல்வாள். உன் தங்கை மதி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, என் போன் ரொம்ப மந்தமாகிவிட்டதே என்று அதை எடுத்துக்கொண்டு திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். அங்கே செல்வி என்று ஒரு பெண் வேலை செய்கிறாள், மங்கலம்பேட்டைப் பக்கம். போனை வாங்கி நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ராம் மூணுதான் அங்கிள், அதான் இழுக்குது" என்றாள். எனக்குப் புரிந்தது என்ன தெரியுமா? இந்த மாதிரிப் போனை ரிப்பேர் பண்ணும் மெக்கானிக் பேர் ராம், மூணு மணிக்குத்தான் கடைக்கு வருவார், இன்றைக்கு அவருக்கு வேலை இழுத்துக்கொண்டு போகிறது. சரி, பெரிய கை போலிருக்கிறது என்று போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு டீ குடித்து, நம் பட்டறைக்குப் போய் ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, சரியாக மூணு மணிக்குத் திரும்பிப் போய், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "ராம் சார் வந்துட்டாராம்மா?" என்று கேட்டேன். செல்வி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவரு எங்கயும் போகல அங்கிள், உங்க போனுக்குள்ளதான் இருக்காரு. மூணே பேரா இருந்துக்கினு எட்டுப் பேரு வேலையப் பாக்குறாரு, பாவம்" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, காதில் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் நீதான். "லீவு கிடைக்கலப்பா. பிளான்ட்ட நிறுத்திப் பழுது பாக்குற ஷட்டவுன் வேல, ஒருத்தனையும் விடமாட்றாங்க" என்று மஸ்கட்டிலிருந்து நீ சொன்ன அன்றைக்கு உன் குரல் சரியில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை, மதியிடம் கொடுக்கச் சொல்லவில்லை. "தாலி கட்டுறத மட்டும் லைவ்ல காட்டிடுப்பா, அது போதும்" என்றாய். நானும் பெரிய டி.வி. ஸ்டேஷன் நடத்துகிறவன் மாதிரி, "அதெல்லாம் ஜம்முனு காட்டிடுறேன்டா, நீ கவலப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு போனைப் பார்த்தால், நீ பேசிய திரை போய் மறு திரை வருவதற்குள் கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது. வீடியோ காலில் நீ வாயைத் திறந்தால் திறந்தபடியே நிற்கிறாய். நான் பேசி முடித்த பிறகுதான் மூடுகிறாய். இந்தப் போனை வைத்துக்கொண்டு நான் யாருக்கு முகூர்த்தம் காட்டுவது? தாலி கட்டுவது உனக்குத் தெரிய வேண்டுமானால், மாப்பிள்ளை கையைத் தூக்கியபடி கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் அம்மாவின் தம்பி, திட்டக்குடி மாமா, "நான் என் போன்ல காட்டுறேன் மாமா, நீங்க பொண்ணப் பெத்தவரா லட்சணமா நில்லுங்க" என்றார். நீ கேட்டது என்னிடம், காட்டுகிறேன் என்று சொன்னது நான், அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. புதுசு வாங்கிக்கொள் என்று நீ சொன்னதற்கும் அதே கதைதான். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிப்போடாதீர்கள், உள்ளே செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டினால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று முப்பது வருஷமாகக் கடலூருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். என் போன் கொஞ்சம் முனகியதும் புதுசு வாங்கப் போனால் நாளைக்கு எவன் என் பட்டறைக்கு மோட்டார் கொண்டுவருவான்? ஆகவே இதே போனைத்தான் ஓடவைப்பது என்று முடிவு செய்தேன். செல்விக்குப் பொறுமை ஜாஸ்தி. மூணு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை என் பட்டறையாக மாற்றிப்போட்டுப் புரிந்துகொண்டேன். நான் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை செய்கிறேனே மேசை, அதுதான் ராம். பின்பக்கச் சுவரில் அடுக்கடுக்காக அலமாரி, வருஷக்கணக்காக ஆள் வந்து எடுத்துப் போகாத மோட்டார்களெல்லாம் தூங்குகிறதே, அது ஸ்டோரேஜ். மேசை சின்னது என்றால் ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்தான் பிரிக்க முடியும். சரி, அதாவது பரவாயில்லை. அலமாரியும் நிரம்பி வழிந்து, வழியிலெல்லாம் மோட்டார் கிடந்தால், நான் மேசைக்கே போக முடியாதே! என் போனில் அதுதான் நடந்திருக்கிறது. அப்புறம் கேஷ் என்று ஒன்று. முதலில் அவள் "கேஷ் நெறைய சேந்துபோச்சு அங்கிள்" என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உனக்குத் தெரியாமல் நம் வீட்டில் எங்கே கேஷ் சேர்கிறது என்று. அது அந்தக் கேஷ் இல்லையாம். வேலை முடிந்தபின் மேசைமேல் கிடக்கும் செப்புக் கம்பித் துண்டு, கிழிந்த பேப்பர், நூல் மாதிரியாம். அவ்வப்போது கூட்டித் தள்ளிவிடலாம், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

இந்த இடத்தில் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஸ்விட்ச்சைக் கண்டால் அணைக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். நீ தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் உன் ரூமில் ஃபேனை நிறுத்தியிருப்பேன். நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே இருந்து லைட்டை அணைத்துவிட்டுப் போய்விடுவேன்; "யப்பா!" என்று நீ உள்ளேயிருந்து கத்துவாய். போனிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஒரு ஆப்பைப் பார்த்து முடித்ததும் அந்தச் சதுரப் பட்டனை அமுக்கி, திறந்திருக்கும் எல்லாவற்றையும் மேலே தள்ளித் தள்ளி மூடுவேன். நிமிஷத்துக்கு ஒரு தரம். போனுக்கு நல்லது செய்கிறோம் என்று ஒரு பெருமை வேறு. செல்வி அதைப் பார்த்துவிட்டு, "அத ஏன் அங்கிள் சும்மா சும்மா மூடுறீங்க? மூடி மூடித் தொறந்தா மொதல்லேர்ந்து எடுத்துக்கினு வரணும், அதுக்குத்தான் வேல ஜாஸ்தி. நீங்க கம்முனு உட்டாலே அது தானா பாத்துக்கும்" என்றாள். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மோட்டார் ஓடும்போது இழுக்கிற கரண்ட்டைவிடக் கிளம்பும்போது இழுப்பது பல மடங்கு, அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டால் காயில் எரியும் என்று வயக்காட்டுக்காரர்களிடம் தொண்டை கிழியச் சொல்லும் ஆள் நான். திட்டக்குடியில் ஒருத்தரை இதற்காக அவர் பெண்டாட்டி முன்னாலேயே திட்டியிருக்கிறேன். அதே வேலையை என் உள்ளங்கையில் நானே செய்துகொண்டிருந்திருக்கிறேன். உன் ஃபேனை நான் நிறுத்தியது எத்தனை ஆயிரம் தடவை இருக்கும்? அது எரியாமல் ஓடியதற்கு அந்த ஃபேனைத்தான் பாராட்ட வேண்டும். உன்னையும்தான்.

பிறகு அலமாரியைக் காலி செய்யும் வேலை. முதலில் மாட்டியது திட்டக்குடி மாமா. தினம் விடிந்தால் ஒரு ரோஜாப் பூ, ஒரு காலை வணக்கம், ஒரு சாமி படம், மத்தியானம் மூலிகை வைத்திய வீடியோ. அது அத்தனையும் தானாக வந்து என் போனில் இறங்கிக் குடியிருக்கிறது. ரோஜாப் பூ மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒரு மாலைக்கடையே வைக்கலாம். தானாக இறங்குவதை நிறுத்த ஒரு இடம் இருக்கிறது, செல்வி நிறுத்திக் கொடுத்தாள். இரண்டாவதாக மாட்டியதும் மாமாதான். போனைச் சுத்தம் பண்ணுகிற ஆப், ஒரே தட்டில் வேகம் என்று ஒன்றைப் போன தடவை வந்தபோது ஏற்றிக் கொடுத்தாரே, அது அரை மணிக்கு ஒரு தரம் துடைப்பக்கட்டையை ஆட்டி ஆட்டி விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. இருந்த மூணு ராமில் ஒருவர் அதற்கே சேவகம் செய்திருக்கிறார். அதை எடுத்ததும் போன் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. மாமாவிடம் நான் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லி வைத்தேன்.

மீதியெல்லாம் நான் சேர்த்தது. உனக்குத் தெரியும், எந்த மோட்டாரையும் காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்னால் கனெக்‌ஷன் எப்படிப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன், திரும்பக் கட்டும்போது பார்த்துக் கட்ட. கட்டி முடித்த பிறகு அழித்ததே இல்லை. ஆறு வருஷத்து மோட்டார். செல்வி மேலே தள்ளிக்கொண்டே போகிறாள், போகிறாள், காயிலாக வருகிறது. "அங்கிள், உங்க வீட்ல மனுஷங்களே இல்லையா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. உன் படம் என்று பார்த்தால் நாலோ ஐந்தோ. அதிலும் ஒன்று பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. பிறகு பழைய காயில் படங்களைத் தொகுதி தொகுதியாகத் தேர்வு செய்து அழிக்கும்போது ஒரு படத்தில் அவள் கை நின்றது. "இது கலங்கலா இருக்கு, ஓரத்துல யாரோட விரலோ வேற விழுந்திருக்கு. தூக்கிடலாமா?" நீ மஸ்கட் போவதற்கு முந்தின மாசம், லீவு நாளில் பட்டறைக்கு வந்து எனக்கு டார்ச் பிடித்தாயே, அப்போது எடுத்தது. நகத்தில் வார்னிஷ் ஒட்டிய உன் கட்டை விரல். "அது இருக்கட்டும்மா" என்றேன். "காயிலா?" என்றாள். "ம், முக்கியமான காயிலு" என்றேன். அப்படி ஒரு பதினோரு படம் தேறியது. மற்றதையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டேன்.

அவள் மெமரி கார்டு ஒன்றைப் போட்டு, வைத்திருக்க வேண்டியதை அதற்கு மாற்றிக் கொடுத்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நீ பத்தாவது படித்தபோது என் பட்டன் போனின் முதுகைக் கழற்றி, பேட்டரியை எடுத்துப் பாயில் பரப்பி வைத்திருந்தாய். நான் வந்து பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் ஓங்கி ஒரு அறை விட்டேன். நீ போனை மூடிக் கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வாரம் கழித்து ஒரு பம்புசெட் கொட்டாயில் மோட்டாரை இறக்கிக்கொண்டிருக்கும்போது, ஏதோ பட்டன் அமுங்கி, என் இடுப்பிலிருந்து போன் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. எல்லாம் எனக்குப் பிடித்த பழைய பாட்டு. நீ யாரிடமோ கேட்டு வாங்கி, மெமரி கார்டில் ஏற்றி, எனக்குத் தெரியாமல் உள்ளே போட்டிருக்கிறாய். அந்தக் கார்டில் இருந்த பாட்டை மூணு வருஷம் கேட்டேன் தம்பி. கேட்டேனே தவிர உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அடித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. அப்பனுக்கு அந்தச் சின்ன வேலை கஷ்டமாக இருந்தது. இப்போது எழுதிவிட்டேன்: நான் அடித்தது தப்பு. பாட்டு நல்லா இருந்தது.

கடைசியில் செல்வி ராமைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். அலமாரியில் இடம் காலியானதால் அங்கிருந்து ஒரு பலகையை உருவி மேசைக்கு ஒட்டு கொடுக்கிற மாதிரி ஒரு வசதி இருக்கிறதாம். "இது நெசமான ராம் மாதிரி வராது அங்கிள், ஆனா சமாளிக்கும்" என்றாள். வாரம் ஒரு தரம் போனை அணைத்துப் போடச் சொன்னாள். எழுத்தெல்லாம் எனக்குப் படிக்க வசதியாகத் தமிழில் மாற்றிக் கொடுத்தாள். முக்கியமாக, "முழுசா ரொப்பிடாதீங்க. எப்பவும் கொஞ்சம் காலியா உடுங்க, அப்பதான் அது மூச்சு உடும்" என்றாள். இதை மட்டும் உனக்கும் சொல்லி வைக்கிறேன். ஓவர்டைம், அதற்கு மேல் ஒரு ஓவர்டைம் என்று நாளை ரொப்பிக்கொண்டே போகாதே. கொஞ்சம் காலியாக விடு. அன்றைக்குச் சாயங்காலம் உனக்குக் கால் போட்டேனே, "இன்னாப்பா, புதுப் போனா?" என்றாயே! அந்த ஒரு வார்த்தையில் வானத்துக்குப் போன நான் கீழே வந்து சேர ரெண்டு நாள் ஆனது. தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு உன் ராம் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குச் சிதம்பரம் போனோம். மாப்பிள்ளை வீட்டு முறைப்படி மண்டபம் அங்கேதான், கீழவீதிக்குப் பக்கத்தில். முதல் நாள் ரிசப்ஷனில் ஆர்வக்கோளாறில் நானே வீடியோ எடுத்தேன், உனக்கு அனுப்பலாமென்று. பிறகு போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் மண்டபத்து ஃபேன். ஒன்று கடகடவென்று சத்தம் போட்டதால் கண் அங்கேயே போயிருக்கிறது. உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது அதற்கு. வினை என்னவென்றால், அந்த ஃபேன் படம் போனின் அலமாரியை மறுபடி ரொப்பிவிட்டது. விடிந்து ஏழு மணிக்குப் போனைத் திறந்தால், இடமில்லை என்று எச்சரிக்கை. எட்டு மணிக்குள் முகூர்த்தம். நான் பதறவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நாம் வீடியோவில் பேசுகிற பச்சை ஆப்பின் செட்டிங்கைத் திறந்தேன். அங்கே இரண்டு பட்டன். ஒன்று 'தற்காலிகச் சேமிப்பை அழி', இன்னொன்று 'சேமிப்பிடத்தை அழி'. மூக்குக்கண்ணாடி உன் அம்மாவின் பையில், உன் அம்மா மணவறையில். என் கண்ணுக்கு இரண்டிலும் சேமிப்பு என்பது மட்டும்தான் தெரிந்தது. பெரிதாக இருந்ததை அமுக்கினேன். கேஷைக் கூட்டித் தள்ளுவதற்குப் பதிலாகப் பட்டறையையே இடித்துவிட்டேன். ஆப் திறந்தது, முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, உங்கள் எண் என்ன என்று கேட்டது.

எண் போட்டேன். ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. எங்கே அனுப்பியது? நீ அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தது நம் பழைய நம்பரில். நான் நெட்டுக்காக வேறு சிம் போட்டுக்கொண்டு, பழைய சிம்மை உன் அம்மாவின் பட்டன் போனுக்குக் கொடுத்திருந்தேன். சரி, அம்மாதானே என்று மணவறை ஓரம் போய், "ஏய், உன் போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், சட்டுனு சொல்லு" என்றேன். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, எட்ட வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வந்திருக்குது. ஆனா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குதே."

"நான் யாராடி?"

"நீங்க யாரா வேணா இருங்க. அன்னிக்கி பேங்க்ல அவ்ளோ தூரம் சொல்லி அனுப்புனாங்க. புருஷனே கேட்டாலும் சொல்லாதீங்கன்னாங்க."

"அடியே, இது பேங்க் இல்ல. புள்ளைக்குக் கல்யாணத்தக் காட்டணும்."

"அப்படித்தான் எதனா சொல்லிக் கேப்பாங்களாம்."

திட்டக்குடி மாமா ஓடிவந்தார். "யக்கா, மாமாகிட்ட சொல்லித் தொலக்கா, மேளக்காரங்க ரெடியாயிட்டாங்க!" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இருடா. அந்தத் தொடப்பக்கட்ட ஆப்ப ஏத்திக் குடுத்தவன்தான நீ?" என்றாள். மாமா என்னைப் பார்த்தார், நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்கு அனுப்பி, அது ஆசீர்வாதம் வாங்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை மணவறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான் லைன்ல வந்துட்டாரா மாமா?" என்றார். இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஐயரிடம், "ரெண்டு நிமிஷம் சாமி, என் மச்சான் வரட்டும்" என்றார். தம்பி, அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தப் பையனுக்கு இன்னொரு பெண் இருந்தால் அதையும் கொடுக்கலாம். அம்மா அதைக் கேட்டதும் இறங்கி வந்தாள். எண்ணை அப்போதும் சொல்லவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி, முந்தானையை மறைத்துப் பிடித்துக்கொண்டு, சந்தனக் கையால் தானே ஒவ்வொன்றாகத் தட்டினாள். அந்த ஆறு எண் என்ன என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆப் திறந்தது. உன் பெயரைக் காணோம், எவர் பெயரும் காணோம். நீ நாலு வருஷமாக அனுப்பி வைத்த குரல் செய்தி எல்லாம் போய்விட்டது, அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பேசி அனுப்பிவிடு. உன் எண் மட்டும் எனக்கு மனப்பாடம் என்பதால் தட்டினேன். முதல் மணியிலேயே எடுத்தாய். தலையில் ஹெல்மெட், உடம்பு முழுக்க மூடும் அந்த நீலக் கவரால், பின்னால் குழாய்களும் ஏணியும். "பத்து நிமிஷம் கேட்டுக்கினு வந்திருக்கேம்ப்பா, ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றாய். மாப்பிள்ளை அங்கிருந்தே, "மச்சான், சாப்புட்டீங்களா?" என்று கத்தினார். மதி நிமிர்ந்து, கழுத்து நிறைய மாலையோடு கையை ஆட்டினாள். கெட்டிமேளம் என்றார்கள். நான் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். படம் நிற்கவில்லை, உடையவில்லை, இழுக்கவில்லை. மூணு ராமும் அன்றைக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். மேளச் சத்தத்தில் நீ ஏதோ "அப்பா…" என்று ஆரம்பித்தாய், பிறகு சொல்லாமல் விட்டுவிட்டாய். எல்லாம் முடிந்ததும், "தெரிஞ்சுதாடா?" என்று கத்தினேன். "நல்லாத் தெரிஞ்சுதுப்பா. சூப்பரா இருந்துச்சு" என்றாய். "ஏம்ப்பா அழுவுற?" என்றாய். "ஓமப் பொகடா" என்றேன்.

பந்தி முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அம்மா உன்னைக் கூப்பிட வேண்டும் என்று போனை வாங்கினாள். நீ வந்ததும் எட்ட வைத்துப் பார்த்து, "ஏங்க, இது நம்ம மூஞ்சியத்தான காட்டுது? திருப்பவே இல்லையா நீங்க?" என்றாள். செல்வி எத்தனையோ சொல்லிக் கொடுத்தாள், கேமராவைத் திருப்புகிற அந்த வட்ட அம்பைத் தவிர. இல்லை, சொல்லியிருப்பாள், நான்தான் மறந்திருப்பேன். சபையே தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஸ்கட்டில் பத்து நிமிஷம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்த நீ பார்த்தது என் மூக்கையும் முந்தின நாள் அவசரத்தில் விட்டுப்போன தாடியையும்தான். ஒரு வார்த்தை, "திருப்புப்பா" என்று சொல்லியிருந்தால் திருப்பியிருப்பேன். நீ சொல்லவில்லை. சூப்பரா இருந்துச்சு என்றாய். பொய் சொல்ல உனக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் சொல்கிறாய்.

மங்கலம்பேட்டையிலிருந்து செல்வியின் சித்தப்பா உங்கள் பக்கம் வேலைக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதம், முறுக்கு, வீடியோக்காரர் எடுத்த முழுக் கல்யாணமும் அடங்கிய பென் டிரைவ் எல்லாம் கொடுத்திருக்கிறேன். தாலி கட்டுகிற இடத்தைச் சாவகாசமாக, நிறுத்தி நிறுத்திப் பார். மதி அழகாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு மூணாவது முடிச்சில் கை நடுங்கியது என்றும், உன் சின்னத்தை உதவிக்கு வந்தாள் என்றும், அம்மா தினம் ஒரு தரம் சொல்லிச் சிரிக்கிறாள். "நீங்களும் பாத்தீங்கதான?" என்று என்னைக் கேட்பாள். "பாத்தேன், பாத்தேன்" என்பேன். மதியும் மறுவீடு வந்தபோது, "நீ நல்லாப் பாத்தியாப்பா?" என்று கேட்டாள். "பாக்காம என்னம்மா" என்று சொல்லிவிட்டேன்.

யாரிடமும் வாய் திறந்து சொல்லாததை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய். நெற்றியில் சந்தனம் வைத்திருந்தாய். கவராலின் மேல் பட்டன் திறந்திருந்த இடத்தில், கல்யாணத்துக்கென்று அம்மா எடுத்து அனுப்பிய சட்டையின் காலர் தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது நீ அங்கே, அந்தக் குழாய்களுக்கு நடுவே, கையில் வைத்திருந்த ஏதோ நாலு பூவை என் முகத்தைப் பார்த்துத் தூவினாய். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியதா, சின்னத்தை வந்தாளா, எனக்குத் தெரியாது தம்பி. தாலி கட்டியதை நானும் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.